சேற்றுப் பண்ணை, பன்றிக் குன்று: இங்கிலாந்தின் பெயர்கள் வந்த வழி

நாட்டிங்காம் என்றதும் ராபின் ஹூட் நினைவுக்கு வருவார். அந்த நகரத்தின் பெயரில் முதல் ஒலி ஒன்று தொலைந்துபோயிருப்பது பலருக்குத் தெரியாது. வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே புத்தகத்தில் அந்த ஊர் ஸ்நோட்டிங்கேஹாம். ஸ்நோட் என்று ஒரு தலைவன் இருந்தான். அவனைச் சேர்ந்தவர்கள் குடியிருந்த இடம் அது. நார்மன் பிரெஞ்சு பேசிய எழுத்தர்களுக்குச் சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்நோ' என்ற கூட்டொலி நாவில் நிற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் 'ஸ்' உதிர்ந்த வடிவம் அரசுப் பதிவேடுகளில் ஏறிவிட்டது. ஸ்நோட்டின் ஆட்கள் வருவதற்கு முன்பே அந்த இடத்துக்கு வேறொரு பெயரும் இருந்தது. ஆல்ஃபிரட் மன்னரின் வரலாற்றை எழுதிய அசர் என்ற வேல்ஸ் நாட்டுத் துறவி, பிரித்தானியப் பூர்வகுடிகள் அதைக் 'குகை வீடு' என்று பொருள்படும் பெயரால் அழைத்ததாகக் குறிக்கிறார். நாட்டிங்காமின் மணற்பாறைக் குகைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆங்கிலப் பெயராய்வின் முதல் விதி இந்த ஒரு பெயரிலேயே அடங்கியிருக்கிறது. இன்றைய எழுத்தை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. கிடைப்பவற்றுள் மிகப் பழைய பதிவைத் தேடி எடுத்து, அங்கிருந்து நூற்றாண்டு நூற்றாண்டாக இறங்கி வர வேண்டும். இந்த வேலைக்கென்றே 1923இல் ஆங்கில ஊர்ப்பெயர்ச் சங்கம் நிறுவப்பட்டது. ஆலன் மாவர் என்ற மொழியறிஞரும் பிராங்க் ஸ்டென்டன் என்ற வரலாற்றறிஞரும் அதன் முன்னோடிகள். மொழியறிவு மட்டும் இருந்தால் நிலத்தை மறந்துவிடுவோம், வரலாறு மட்டும் தெரிந்தால் ஒலிமாற்றத்தில் வழுக்கி விழுவோம் என்பதை அந்தத் தலைமுறை தெளிவாக உணர்ந்திருந்தது. ஆங்கில ஊர்ப்பெயர்களுக்கு நெடுங்காலம் ஆதாரமாக விளங்கிய ஆக்ஸ்போர்டு அகராதியை 1936இல் வெளியிட்டவர் ஆங்கிலேயரே அல்லர். ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எய்லர்ட் ஏக்வால்.

அடியிலிருந்து தொடங்கினால் முதலில் கைக்கு வருபவை ஆறுகளின் பெயர்கள். படையெடுத்து வந்த ஆங்கிலோ-சாக்சன்கள் ஊர்களைப் புதிதாக அமைத்துப் பெயரிட்டார்கள். ஆறுகளுக்கு மட்டும் அங்கிருந்தவர்கள் சொன்ன பெயரையே வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஏவன் என்ற பெயரில் பல ஆறுகள் உண்டு. பூர்வகுடிகளின் கெல்டிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே 'ஆறு' என்றுதான் பொருள். வேல்ஸ் மொழியில் இன்றும் ஆறு என்பதற்கு அதே சொல்தான். 'இது என்ன?' என்று கேட்ட ஆங்கிலோ-சாக்சனுக்கு 'ஆறு' என்று பதில் கிடைத்தது. அவர் அதைப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். லங்காஷயரின் பெண்டில் ஹில் இதையும் விஞ்சியது. 'பென்' என்றால் கெல்டிக்கில் குன்று. பொருள் தெரியாத ஆங்கிலேயர் அதனுடன் தம் மொழியின் 'ஹில்' சேர்த்தனர். இரண்டும் ஒட்டித் தேய்ந்து பெண்டில் ஆனதும், அடுத்த தலைமுறையினர் மறுபடியும் 'ஹில்' சேர்த்தனர். குன்றுக் குன்றுக் குன்று என்று மும்முறை சொல்லும் பெயர் அது. வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மொழி ஒரு வட்டாரத்தில் அடியோடு மறக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரின் பெயரில் மூன்று மொழிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஸ்ட்ராட்ஃபர்ட்-அபான்-ஏவன். 'ஸ்ட்ராட்' என்பது ரோமர் போட்ட கல்பாவிய சாலையைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்தது, 'ஃபர்ட்' ஆங்கிலோ-சாக்சன், ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை, ஏவன் கெல்டிக். ரோமச் சாலை ஆற்றைக் கடக்கும் இடம் என்று, வழிப்போக்கருக்குச் சொல்லும் அடையாளமே ஊர்ப்பெயராயிற்று. மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர், டான்காஸ்டர் எல்லாவற்றின் வாலிலும் இருப்பது ரோமரின் படைமுகாமைக் குறித்த 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல்.

யார்க் நகரம் கடந்த பாதை இன்னும் நீளமானது. ரோமர் அங்கே கி.பி. 71 வாக்கில் கோட்டை கட்டியபோது அதன் பெயர் எபோராக்கம். யூ என்னும் ஊசியிலை மரத்தைக் குறிக்கும் கெல்டிக் சொல் அதற்குள் இருப்பதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். பின்னால் வந்த ஆங்கிலோ-சாக்சன்களுக்கு அந்த மரம் தெரியும், அந்தச் சொல் தெரியாது. எபோர் என்று காதில் விழுந்ததைத் தங்கள் மொழியில் காட்டுப்பன்றியைக் குறித்த 'எயோஃபர்' என்று கேட்டு, எயோஃபர்விக் ஆக்கினார்கள். 866இல் நகரத்தைப் பிடித்த டேனியர் நாவில் அது யோர்விக் ஆனது. யோர்விக் தேய்ந்து யார்க். 1664இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து ஓர் அமெரிக்கத் துறைமுகத்தைப் பிடித்து, யார்க் கோமகனின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதுதான் நியூயார்க்.

கேம்பிரிட்ஜ் கதை நேர்எதிரானது. ஆற்றின் பெயர் கிரான்டா. அதன் மேல் இருந்த பாலம் கிரான்டெபிரிட்ஜ். நார்மன் நாவில் அது கான்டெபிரிட்ஜ் ஆகி, மெல்ல கேம்பிரிட்ஜ் ஆனது. பிறகு வந்தவர்கள், 'கேம்' ஆற்றின் மேல் இருக்கும் பாலம்தானே கேம்பிரிட்ஜ் என்று எண்ணி, ஆற்றையே கேம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஆற்றிலிருந்து ஊருக்குப் பெயர் வருவதுதான் வழக்கம். இங்கே ஊர் திரிந்து ஆற்றின் பெயரை மாற்றிவிட்டது. பழைய ஏட்டைப் பார்க்காதவர் இதைத் தலைகீழாகவே சொல்வார்.

ஆங்கிலோ-சாக்சன் பெயர்களில் அறிஞர்களே நெடுங்காலம் தடுமாறியது 'இங்' என்ற ஈற்றில். ஹேஸ்டிங்ஸ் என்றால் ஹேஸ்டாவின் ஆட்கள், ரெடிங் என்றால் ரெடாவின் ஆட்கள். ஒரு தலைவனும் அவன் கூட்டமும் கடல் கடந்து வந்து இறங்கிய முதல் இடங்கள் இவை. ஆகவே 5ஆம் நூற்றாண்டுக் குடியேற்றத்தின் வரைபடமே இப்பெயர்கள்தாம் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1966இல் பெயராய்வாளர் ஜான் டாட்சன் ஓர் எளிய சோதனை செய்தார். தென்கிழக்கு இங்கிலாந்தில் தொல்லியலாளர் கண்டெடுத்த ஆதிக் குடியேறிகளின் புதைகாடுகளை, கிறித்தவத்துக்கு முந்தைய அந்த இடங்களை, வரைபடத்தில் குறித்து, அதன் மேல் 'இங்ஸ்' பெயர்களை வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை. பிணங்கள் ஓரிடத்தில், பெயர்கள் வேறிடத்தில். அப்படியானால் இந்தப் பெயர்கள் முதல் தலைமுறைக்கு உரியவை அல்ல. மக்கள்தொகை பெருகி, புது நிலம் தேடிப் பரவிய காலத்தவை. 1970களில் பாரி காக்ஸ் 'ஹாம்' ஈற்றுப் பெயர்கள் ரோமச் சாலைகளையும் ரோமக் காலக் குடியிருப்புகளையும் ஒட்டிக் கிடப்பதைக் காட்டி, அவையே மூத்தவை என்று வாதிட்டார். மண்ணுக்கடியில் கிடந்த எலும்பு, மொழியறிஞரின் கோட்பாட்டைத் திருத்தியது. இந்தத் துறையின் மீது மதிப்பு வருவதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்: தவறெனத் தெரிந்ததும் பாடநூல்கள் மாற்றி எழுதப்பட்டன.

அடுத்த பெரும் மாற்றம் பெயராய்வாளர் மார்கரெட் கெல்லிங் கொண்டுவந்தது. 1984இல் வெளியான அவருடைய நூல், நிலத்தைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலோ-சாக்சன் உழவனிடம் குன்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் பல சொற்கள் இருந்தன. எல்லாவற்றையும் 'குன்று', 'பள்ளம்' என்று பொதுவாக மொழிபெயர்ப்பது பிழை என்றார் அவர். உச்சி பரந்து, ஊர் அமைக்க ஏற்றதாக இருந்தால் அது 'டூன்'. குதிகால்போல் துருத்திக்கொண்டு நின்றால் அது 'ஹோ'. நீண்டு குறுகிய பள்ளத்தாக்கு 'டெனு'; குட்டையாக, அகன்று, மூன்று பக்கமும் மேடு சூழ்ந்தது 'கூம்'. புவியியலாளர் ஆன் கோலுடன் சேர்ந்து அவர் ஊர் ஊராகப் போய், பெயரையும் மேட்டின் வடிவத்தையும் ஒப்பிட்டார். நூறு மைல் தள்ளியிருந்தாலும் ஒரே சொல் பெற்ற குன்றுகள் ஒரே வடிவத்தில் நின்றன. வரைபடம் இல்லாத காலத்தில், தூரத்தில் தெரியும் மேட்டைப் பார்த்தே வழிப்போக்கர் ஊரை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

லண்டனில் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். குராய்டன், விம்பிள்டன் இரண்டும் ஒரே ஈறு கொண்டவையாகத் தெரிகின்றன. விம்பிள்டனில் இருப்பது 'டூன்', குன்று. குராய்டனில் இருப்பது 'டெனு', பள்ளத்தாக்கு. முன்னால் நிற்பது குங்குமப்பூவைக் குறிக்கும் சொல். குங்குமப்பூப் பள்ளத்தாக்குதான் குராய்டன். ஸ்விண்டன் நகரம் பன்றிகள் மேய்ந்த குன்று. ஈஸ்ட் ஹாம் இன்னும் நல்ல பொறி. பிர்மிங்காமின் 'ஹாம்' குடியிருப்பு. ஈஸ்ட் ஹாமில் இருப்பது இரட்டை மகரத்தோடு எழுதப்பட்ட வேறொரு பழஞ்சொல், 'ஹம்'. தண்ணீர் சூழ்ந்த தாழ்நிலம் என்று பொருள். 958ஆம் ஆண்டு ஆவணத்தில் அது ஹம்மே என்றே இருக்கிறது. தெற்கே தேம்ஸும் பக்கங்களில் லீ, ரோடிங் ஆறுகளும் ஓடும் அந்த மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

ஈழத்தமிழர் பலர் குடியேறிய ஹாரோ, 767ஆம் ஆண்டு ஆவணத்தில் குமெனிங்கர் என்ற கூட்டத்தாரின் 'ஹெர்க்' என்று குறிக்கப்படுகிறது. ஹெர்க் என்றால் கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாட்டிடம். குன்றின் உச்சியில் இன்று நிற்பது மாதா கோவில். பக்கத்து வெம்பிளி, வெம்பா என்பவனின் காட்டுத் திருத்து. பழந்தெய்வங்களின் பெயரும் சில ஊர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வெட்னஸ்பரி வோடன் என்ற தெய்வத்தின் கோட்டை, புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரிலும் அதே வோடன்தான்.

வைகிங்குகள் 9ஆம் நூற்றாண்டில் வந்து தங்கிய பரப்பை அறியப் படையெடுப்புக் கதைகளைத் தேடிப் போக வேண்டாம். 'பி' என்று முடியும் ஊர்களைக் குறித்தால் போதும். கிரிம்ஸ்பி, விட்பி, செல்பி, டெர்பி. யார்க்ஷயர், லிங்கன்ஷயர், லெஸ்டர்ஷயர் பகுதிகளில் இவை மொய்த்துக் கிடக்கின்றன. ஆல்ஃபிரட் மன்னருக்கும் டேனியத் தலைவன் குத்ரமுக்கும் இடையே வகுத்த எல்லைக்குத் தெற்கே மிக அரிது. இருந்த பெயரைச் சற்றே வளைத்துக்கொண்டதும் உண்டு. லண்டனின் சிசிக், ஏரிகள் நிறைந்த வடக்கின் கெசிக் இரண்டும் ஒரே பெயர். பாலாடைக்கட்டி செய்த பண்ணை. தெற்கத்தியர் 'ச' என்று சொன்ன இடத்தில் நார்ஸ் மொழி பேசியவர்கள் 'க' என்றார்கள். ஆட்டுப் பண்ணை தெற்கே ஷிப்டன், வடக்கே ஸ்கிப்டன். ஒரு மெய்யெழுத்தை வைத்து, அந்த ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாருடைய பேச்சு ஓங்கியிருந்தது என்று சொல்லிவிட முடிகிறது.

நார்மன்கள் நிலத்தைப் பிடித்தார்கள், ஊர்ப்பெயர்களை அதிகம் தொடவில்லை. தங்கள் குடும்பப் பெயரை வால்போல் சேர்த்ததோடு நின்றார்கள்: ஸ்டோக் மாண்டவில், மெல்டன் மோப்ரே, ஆஷ்பி-டி-லா-ஸூஷ். அவர்கள் ஆழமாகக் கை வைத்தது மனிதர்களின் பெயரில்.

அவர்கள் நாட்டைப் பிடித்த 1066க்குப் பிறகு ஆங்கிலோ-சாக்சன் ஆட்பெயர்கள் வேகமாக வழக்கொழிந்தன. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று ஒரு சில பெயர்களையே ஆண்களில் பெரும்பகுதியினர் தாங்கினார்கள். ஒரே கிராமத்தில் ஏழெட்டு ஜான்கள். வரி வசூலிப்பவனுக்கும் நிலத்தை வாரிசுக்குப் பதிவு செய்பவனுக்கும் எந்த ஜான் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் தொழிலோ, தந்தை பெயரோ, ஊரோ ஜானுடன் துணைப்பெயராகச் சேர்ந்தது. முதலில் அவை ஒருவரோடு முடியும் அடையாளங்களாகவே இருந்தன. தந்தை கொல்லராகவும் மகன் தையற்காரராகவும் இருந்தால் பெயரும் மாறியது. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இந்த உறைவை நேரில் காட்டும் ஆவணங்கள்.

தொழிலால் வந்தவற்றில் ஸ்மித், டெய்லர், பேக்கர் என்பவை விளக்கம் வேண்டாதவை. ஃபிளெட்சர் அம்பு செய்தவர், கூப்பர் மரப்பீப்பாய் செய்தவர், ஆர்க்ரைட் பெட்டி செய்தவர், தாட்சர் கூரை வேய்ந்தவர். சற்று நின்று பார்க்க வேண்டியவை ஃபுல்லர், டக்கர், வாக்கர் என்ற மூன்றும். நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, களிமண் சேர்த்து, காலால் மிதித்துச் சுருக்கி அடர்த்தியாக்குவது இடைக்கால இங்கிலாந்தின் முக்கியத் தொழில். அந்தத் தொழிலாளியைத் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் வாக்கர். வாக்கர் என்பது மிதித்து நடந்தவர் என்பதிலிருந்து வந்தது. மூன்றும் ஒரே வேலை. வட்டாரச் சொல் வேறு என்பதால், இன்று உலகில் எங்கிருந்தாலும் ஒரு டக்கரின் முன்னோர் டெவன் பக்கத்தவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடிகிறது.

தந்தை பெயரால் வந்தவற்றில் செல்லப்பெயர்களின் ஆட்டம் வியப்பூட்டும். ராபர்ட்டை ராப் என்றும் எதுகையாக ஹாப், டாப் என்றும் அழைத்தார்கள். ராப்சன், ஹாப்சன், டாப்சன், ஹாப்கின்ஸ் எல்லாருக்கும் மூலவர் ஏதோ ஒரு ராபர்ட். ரிச்சர்ட் டிக் ஆகி டிக்கன்ஸையும் டிக்சனையும் தந்தார். ஹிக் ஆகி ஹிக்ஸ். ஹிட்ச் ஆகி, குட்டி என்ற பொருளில் 'காக்' சேர்ந்து ஹிட்ச்காக். தாய் பெயரால் வந்தவையும் உண்டு: மேரியின் செல்ல வடிவத்திலிருந்து மாரியட், மார்கரெட்டிலிருந்து மெக்சன். வேல்ஸில் மகன் என்பதற்கு 'ஆப்'. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆயிற்று, ஆப் ஹவல் பவல் ஆயிற்று, ஆப் ஹாரி பாரி ஆயிற்று. 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி வேல்ஸ் நாட்டவர். சென்னை பாரிமுனையில் நின்றுகொண்டிருப்பது யாரோ ஒரு ஹாரியின் மகனுடைய பெயர். கடையெழு வள்ளல்களில் ஒருவரின் பெயரோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல். அந்த ஒப்புமையை வைத்து வரலாறு சொன்னால் அது பிழையாகும். அண்ணா சாலையின் ஸ்பென்சரில் இருப்பது, பெரிய வீடுகளில் மளிகைப் பண்டங்களை அளந்து கொடுத்த பண்டகசாலைப் பணியாளரின் பதவிப் பெயர்.

ஊரால் வந்த குடும்பப் பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. கெண்டல் என்ற ஊரில் வாழ்பவரைக் கெண்டல் என்று அழைத்துப் பயனில்லை. அங்கே எல்லாருமே கெண்டல்காரர்கள். ஊரை விட்டு வெளியேறியவருக்கே அந்தப் பெயர் ஒட்டியது. ஆகவே இவை குடியிருப்பைவிடப் புலம்பெயர்வையே பதிவு செய்கின்றன. பழைய டர்ஹம் பகுதியின் வாஷிங்டன் என்ற ஊர் வாஸா என்பவனைச் சேர்ந்தவர்களின் பண்ணை. அந்த ஊர் ஒரு குடும்பத்துக்குப் பெயராகி, அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல் ஜார்ஜ் வாஷிங்டனால் ஒரு தலைநகருக்கும் ஒரு மாநிலத்துக்கும் பெயராயிற்று. வீட்டருகே நின்ற மரமும் பெயர் தந்தது. 'ஆட்டன் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தடியில் இருப்பவர், சொற்கள் தப்பாகப் பிரிந்து நாஷ் ஆனார்.

இலங்கையின் மத்திய மலைநாட்டு ஹார்ட்டன் சமவெளியிலும் இப்படி ஒரு கதை மறைந்திருக்கிறது. அது 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட்-ஹார்ட்டனின் பெயர். இங்கிலாந்தின் பெரும்பாலான ஹார்ட்டன்களுக்குச் சேற்றுப் பண்ணை என்று பொருள். அவர் பிறந்தபோது வெறும் வில்மட். மாமனாரின் உயில்படி 1823இல்தான் ஹார்ட்டன் என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

பெயரும் இரத்தமும் எப்போதும் ஒன்றாகப் பயணிப்பதில்லை என்பதற்கு வில்மட்-ஹார்ட்டன் ஓர் உதாரணம். மரபணு ஆய்வு அதை அளந்தும் காட்டியிருக்கிறது. குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் தந்தைவழியே இறங்குபவை. ஆக்ஸ்போர்டின் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். யார்க்ஷயர் வட்டாரத்தில் 'சைக்' என்றால் சிற்றோடை. ஓடைகள் பல என்பதால் சைக்ஸ் குடும்பங்களும் பலவாக முளைத்திருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஏறக்குறையப் பாதிப்பேர் ஒரே குரோமோசோம் வகையைப் பகிர்ந்தனர். ஒரே மூதாதை என்று அவர் முடிவுகட்டினார். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் குழுவினர் 2006இல் ஒரே பெயர் கொண்ட 150 இணை ஆண்களை ஒப்பிட்டனர். சுமார் கால்வாசி இணைகளுக்கே பொது மூதாதை தெரிந்தார். அரிய பெயர்களில் பொருத்தம் மிகுதி. ஸ்மித் போன்ற பெயர்களில் ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்த நாட்டில் வேறெப்படி இருக்கும்?

2016இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்துக் குடும்பப் பெயர் அகராதி நான்கு தொகுதிகளில் 45,000க்கும் மேற்பட்ட பெயர்களை விளக்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் பழைய பதிவுகளை ஆண்டோடும் ஊரோடும் தருவதே அதன் பலம். ஊர்ப்பெயர்களுக்கு நாட்டிங்காம் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக ஒரு திறவுகோல் வைத்திருக்கிறது. லண்டனிலோ லெஸ்டரிலோ உறவினர் இருக்கும் வாசகர் அந்த ஊரின் பெயரை அதில் தட்டிப் பார்க்கலாம். வேறெங்காவது ஒரு விளக்கம் கண்ணில் பட்டால், அதுவும் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லோடு ஒலியொப்புமை காட்டும் விளக்கமாக இருந்தால், அதை ஏற்கும் முன் மிகப் பழைய வடிவம் எது, எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை ஒதுக்கிவிடலாம். 1923இல் தொடங்கிய மாவட்டவாரிக் கணக்கெடுப்பு நூறாண்டு கடந்தும் முடியவில்லை. மீதமிருக்கும் மாவட்டங்களுக்கான தொகுதிகள் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.